புக் செய்த விலை ஒன்று, கேட்ட விலை ஒன்று

“மேடம், உங்க வண்டி வந்துடுச்சு. ஒரே ஒரு விஷயம், ரேட் கொஞ்சம் மாறியிருக்கு.”

முப்பது வாரம் காத்திருந்த பிறகு ஷோரூமிலிருந்து வந்த போன் அது. “கொஞ்சம்னா எவ்வளவு தம்பி?” என்று கேட்டேன். நேரில் வாங்க, மேனேஜர் சொல்வார் என்றார். போனில் சொல்லத் தயங்கும் தொகை சின்னதாக இருக்காது என்று அப்போதே மனதில் பட்டது. அப்படித்தான் ஆனது. புக்கிங்கின்போது நான் கட்டிய அட்வான்ஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கூடுதலாகக் கேட்டார்கள்.

கடைசியில் அந்தக் கூடுதல் தொகை எதையும் கட்டாமல்தான் வண்டியை எடுத்தேன். அதற்கு ஐந்து வாரமும் மூன்று மின்னஞ்சலும் தேவைப்பட்டன. நான் செய்த தவறுகளையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். வண்டி புக் செய்துவிட்டு இப்போது காத்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படும்.

அந்த மாடலைத் தேர்ந்தெடுத்ததே அம்மாவுக்காகத்தான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பழைய காரில் உட்காருவது அவருக்குப் பள்ளத்தில் இறங்குவதுபோல. எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். புது மாடலில் இருக்கை அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தது, கதவும் அகலமாகத் திறந்தது. டெமோ வண்டியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்று அம்மா சிரித்தார். அன்றே புக் செய்தேன். அதனால்தான், “இஷ்டம் இல்லன்னா கேன்சல் பண்ணிக்கோங்க” என்று பிறகு மேனேஜர் சொன்னபோது, அது அவருக்கு இருந்த அளவுக்கு எனக்குச் சுலபமாக இல்லை.

புக்கிங் படிவத்தின் முன்பக்கத்தில் மாடல், நிறம், விலை, அட்வான்ஸ் எல்லாம் இருந்தன. டெலிவரி என்ற இடத்தில் “10 முதல் 12 வாரம்” என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். இது முதல் தவறு.

பன்னிரண்டு வாரம் போனது, இருபது வாரம் போனது. கேட்கும்போதெல்லாம் ஃபேக்டரியிலிருந்து வரவில்லை என்ற ஒரே பதில்தான். இருபத்தேழாவது வாரத்தில், “அடுத்த வாரம் நிச்சயம் வந்துடும் மேடம்” என்றார் சேல்ஸ் பையன். நம்பிப் பழைய காரை விற்றுவிட்டேன். இது இரண்டாவது தவறு, முதலாவதைவிடப் பெரியது. வாடகை வண்டி பிடித்து அம்மாவை வாரம் இருமுறை பிசியோதெரபிக்கு அழைத்துப்போகும் நிலையில் இருப்பவரால் பேரம் பேச முடியாது. எதிரில் இருப்பவருக்கும் அது தெரிந்துவிடும். புது வண்டியின் இறுதி விலை எழுத்தில் கைக்கு வரும்வரை பழைய வண்டியை விற்காதீர்கள். எவ்வளவு நல்ல விலைக்குக் கேட்டாலும் சரி.

இருபத்தெட்டாவது வாரம் மறுபடி கேட்டேன். “இன்னும் ஃபேக்டரியில இருந்து கிளம்பல மேடம், கொஞ்சம் பொறுங்க” என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு முக்கியமாகப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மேனேஜரைப் பார்க்க அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். விலையைப் பற்றிக் கேட்டது நான். பதில் எல்லாம் அண்ணனைப் பார்த்து வந்தது. அண்ணன் இரண்டு முறை பொறுத்துப் பார்த்துவிட்டு, “வண்டி அவ பேர்ல. அவகிட்ட சொல்லுங்க” என்றார். அதன் பிறகுதான் மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

அவர் சொன்னது இதுதான். கம்பெனி விலையை ஏற்றிவிட்டது, எங்கள் கையில் எதுவும் இல்லை. படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு வரியின்கீழ் பேனாவை வைத்தார். “டெலிவரி நாளன்று அமலில் உள்ள விலையே வசூலிக்கப்படும்” என்று பொடி எழுத்தில் இருந்தது. கீழே என் கையெழுத்து. மாதக் கடைசிக்குள் முழுப் பணமும் கட்டாவிட்டால் வண்டி அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அண்ணன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “கூடுதல் தொகை எதுக்கெதுக்குன்னு பிரிச்சு எழுதிக் கொடுங்க.” மொத்தமாக ஒரே தொகைதான், சிஸ்டத்தில் அப்படித்தான் வரும் என்றார் மேனேஜர். “அப்ப சிஸ்டத்துல இருந்து ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் ஒண்ணு அடிச்சுக் கொடுங்க, பேங்க்ல கேட்பாங்க” என்றார் அண்ணன். இறுதி பில்லுக்கு முன் கொடுக்கும் விலை விவரப் பில் அது. வங்கிக்கு என்றதும் மறுக்க முடியவில்லை. கொடுத்தார்கள்.

என் நிலைமையை மாற்றியது அந்தக் காகிதம்தான். வீட்டுக்கு வந்து பழைய கொட்டேஷனையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகக் கழித்துப் பார்த்தேன். கூடுதலாகக் கேட்ட தொகையை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், கம்பெனி உண்மையிலேயே ஏற்றிய விலை 38 பங்கு. அதன் மேல் ஏறிய வரியும் பதிவுக் கட்டணமும் 11 பங்கு. நான் கேட்காத “அக்சஸரீஸ் பேக்கேஜ்” 34 பங்கு. “ஹேண்ட்லிங் சார்ஜ்” 17 பங்கு. கம்பெனி ஏற்றிவிட்டது என்று மேனேஜர் சொன்ன தொகையில் பாதிக்கு மேல் கம்பெனிக்குப் போகவே போகாது.

வண்டி விலைத் தகராறில் எனக்குத் தெரிந்த மிக முக்கியமான விஷயம் இது. மொத்தத் தொகையோடு சண்டை போடாதீர்கள். மொத்தத்தைப் பற்றிப் பேசும்வரை “எல்லாம் ஏறிப்போச்சு, காலம் அப்படி” என்ற ஒரே பதில்தான் வரும். துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஏற்றியது யார், எந்தத் தேதியில் என்று கேட்க வேண்டும். அரசு ஏற்றிய வரிக்கு ஒரு பதில், தயாரிப்பாளர் ஏற்றிய விலைக்கு வேறொரு பதில், டீலர் தானாகச் சேர்த்ததற்கு முற்றிலும் வேறு பதில்.

பின்பக்க வரியையும் அன்று இரவு பலமுறை படித்தேன். பயம் கொஞ்சம் குறைந்த பிறகு படித்தால் அதே வரி வேறு மாதிரி தெரிகிறது. “அமலில் உள்ள விலை” என்றுதான் இருந்தது. யார் விலை? கம்பெனி வெளியிட்ட விலைப்பட்டியலில் இருப்பது என்றால் மட்டுமே அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. பேக்கேஜும் ஹேண்ட்லிங் சார்ஜும் எந்த விலைப்பட்டியலிலும் இல்லை. ஆக, அவர்கள் காட்டிய விதியே அந்த 51 பங்கைக் காப்பாற்றாது. மிச்சம் 49 பங்கு. அதைத்தான் அந்த விதி காப்பாற்றியது. அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

அந்தப் பதில், டீலர் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் கிடைத்தது.

பணம் கட்டும் முன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். யாராக இருந்தாலும் கேட்க வேண்டியதுதான் இது. கீறல், பெயின்ட், டயர் எல்லாம் பார்க்கலாம் என்றுதான் போனேன். வண்டி கடைசி வரிசையில் நின்றது. கண்ணாடி முழுக்கத் தூசி. வைப்பரைச் சுற்றிக் காய்ந்த இலைகள். அங்கே வண்டி கழுவும் பெரியவர், “இதுவாம்மா? இது வந்து ஒரு மாசம் இருக்குமே” என்றார்.

கதவைத் திறந்து தூணில் இருந்த தகட்டைப் பார்த்தேன். தயாரிப்பு மாதமும் ஆண்டும் அதில் இருந்தன. சேஸிஸ் எண்ணும் இருந்தது, பதினேழு எழுத்தும் எண்ணும் கலந்தது. உலகம் முழுக்கப் பெரும்பாலான கார்களில் இந்தப் பதினேழு இலக்க அடையாளம்தான். ஐஎஸ்ஓ 3779 என்ற தரநிர்ணயப்படி அமைவது. ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் மட்டும் அதில் வராது, ஒன்று, பூஜ்யம் என்று குழம்பக் கூடாது என்பதற்காக. எழுதிக்கொள்ளும்போது இதை நினைவில் வைத்தால் தவறு வராது. நான் எழுதியும் கொண்டேன், தகட்டைப் படமும் எடுத்தேன்.

கம்பெனியின் விலையேற்றம் அமலுக்கு வந்தது நான் புக் செய்ததிலிருந்து இருபத்தெட்டாவது வாரத்தின் தொடக்கத்தில். தகட்டில் இருந்த மாதம் அதற்கு முந்தையது. வண்டி பழைய விலை நாளில் செய்யப்பட்டது. பெரியவர் சொன்னது சரியென்றால், பழைய விலை நாளிலேயே யார்டுக்கும் வந்துவிட்டது. அப்படியானால், “இன்னும் ஃபேக்டரியில இருந்து கிளம்பல” என்று எனக்குச் செய்தி வந்த அன்று வண்டி இங்கே தூசி படிந்து நின்றுகொண்டிருந்தது.

பெரியவர் சொன்னதை நான் எந்த மின்னஞ்சலிலும் எழுதவில்லை. அவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது. சொன்ன சேல்ஸ் பையனுக்கே உண்மை தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். மேலே இருந்து சொன்னதை அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம். சின்ன ஆட்களை மாட்டிவிட்டு ஜெயிப்பதில் எனக்கு விருப்பமில்லை. காகிதத்தில் நிற்கும் தேதிகளே போதும் என்று முடிவு செய்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் படித்தேன். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் எனக்கு நடந்ததுபோல எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது என்பது அந்த வரிகளைப் படிக்கும்போதே புரிந்தது. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2(41) என்ற பிரிவு இருக்கிறது. ஒப்புக்கொண்ட காலத்தைத் தாண்டிப் பொருளைத் தாமதமாகக் கொடுத்து, அதனால் விலை உயர்ந்தாலோ உயரக்கூடும் என்றாலோ, நுகர்வோர்மேல் நியாயமற்ற செலவைச் சுமத்தும் “கட்டுப்படுத்தும் வணிகமுறை” என்கிறது அது. ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கியே தீர வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் அதே பிரிவில் வருகிறது. தாமதம், பேக்கேஜ் இரண்டும் ஒரே பிரிவில்! படித்தபோது யாரோ தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னதுபோல இருந்தது.

ஐரோப்பாவில் 1993ஆம் ஆண்டின் 93/13 என்ற நெறிமுறை, டெலிவரி சமயத்தில் விலையை நிர்ணயிக்கும் விதிகளையே நேராகப் பேசுகிறது. ஒப்பந்தத்தில் பேசிய விலையைவிட இறுதி விலை மிக அதிகமானால் ரத்து செய்யும் உரிமை வாங்குபவருக்கு இருக்க வேண்டும். அது இல்லாத விதி நியாயமற்றதாகக் கருதப்படலாம். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் இதே கருத்து உண்டு. பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பின் 2-305 பிரிவு, விலையைப் பிறகு விற்பவரே நிர்ணயிக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னாலும் அதை நல்லெண்ணத்தோடு நிர்ணயிக்க வேண்டும் என்கிறது. “விலை மாறலாம்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நான் படித்த எந்தச் சட்டத்திலும் இல்லை.

வரி மட்டும் வேறு. இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசு வரியை ஏற்றினால் விற்பவர் அதை விலையோடு சேர்த்துக்கொள்ளலாம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர. இறக்கினால் வாங்குபவர் அதைக் கழித்துக்கொள்ளலாம். உண்மையான வரி உயர்வு வந்தால் அதை எதிர்த்துச் சக்தியை வீணாக்க வேண்டாம். என் விஷயத்தில் வரி விகிதம் மாறவில்லை. விலை ஏறியதால் வரித்தொகையும் ஏறியது, அவ்வளவுதான். விலை இறங்கினால் அதுவும் தானாக இறங்கும்.

தயாரிப்பாளர்களே பின்வாங்கியதும் உண்டு. 2022 மார்ச் 1ஆம் தேதி ரிவியன் என்ற அமெரிக்க மின்வாகன நிறுவனம் தன் வண்டிகளின் விலையைப் பெருமளவு உயர்த்தியது, பிக்கப்புக்குச் சுமார் 17 சதவீதம், எஸ்யூவிக்குச் சுமார் 20 சதவீதம். ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களுக்கும் அதே உயர்வு என்றது. கொதித்துப்போய்ப் பலர் ரத்து செய்தார்கள். மார்ச் 3ஆம் தேதியே நிறுவனத் தலைவர் ஆர்.ஜே. ஸ்கேரிஞ்ச் மன்னிப்புக் கேட்டு, அறிவிப்புக்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விலையே என்று சொன்னார். இரண்டே நாள். காத்திருப்பவர்களின் நம்பிக்கைக்கு ஒரு மதிப்பு உண்டு, அது தயாரிப்பாளருக்குத் தெரியும், டீலருக்குச் சில சமயம் தெரிவதில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். தயாரிப்பாளருக்கும் எழுத வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

ஷோரூம் போன அன்று மாலையே மேனேஜருக்கு முதல் மின்னஞ்சலை அனுப்பியிருந்தேன். அது ரொம்பச் சின்னது. “இன்று நேரில் நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இது, தவறாக இருந்தால் திருத்தவும்” என்று ஆரம்பித்து, அவர் சொன்ன நாலு விஷயங்களை மட்டும் எழுதினேன். என் கருத்து எதுவும் அதில் இல்லை. பதில் வரவில்லை. வராததும் நல்லதுதான். வாய்ப்பேச்சாகப் போயிருக்க வேண்டியது தேதியோடு பதிவாகிவிட்டது, யாரும் மறுக்கவும் இல்லை.

இரண்டாவது மின்னஞ்சல் யார்டைப் பார்த்த பிறகு. அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. முதல் வரைவு முழுக்கக் கோபம். அம்மாவின் முழங்கால், வாடகை வண்டிச் செலவு, ஏமாற்றிவிட்டீர்கள் என்ற வார்த்தை, எல்லாம் இருந்தன. படித்துப் பார்த்த அண்ணன், “எல்லாம் உண்மைதான். ஆனா இதுல அவங்க பதில் சொல்லியே ஆகணும்னு ஒரு கேள்விகூட இல்லையே” என்றார். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். முக்கியப் பகுதி இது:

“புக்கிங் படிவத்தில் டெலிவரி காலம் 10 முதல் 12 வாரம். வண்டி வந்ததாக எனக்குத் தெரிவித்தது 30ஆவது வாரத்தில். கம்பெனியின் விலையேற்றம் 28ஆவது வாரத்தில். சொன்ன காலத்தில் கொடுத்திருந்தால் இந்த உயர்வு எனக்குப் பொருந்தியிருக்காது. வண்டியின் தகட்டில் உள்ள தயாரிப்பு மாதம் விலையேற்றத்துக்கு முந்தையது (படம் இணைப்பில்). ஆகவே கீழ்க்கண்டவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டுகிறேன். ஒன்று: இந்த சேஸிஸ் எண்ணுக்குத் தயாரிப்பாளர் உங்களுக்கு பில் போட்ட தேதி எது, உங்கள் யார்டுக்கு வண்டி வந்த தேதி எது? இரண்டு: அக்சஸரீஸ் பேக்கேஜைப் பொருத்தச் சொல்லி நான் கையெழுத்திட்ட ஆவணம் இருந்தால் நகல் அனுப்பவும். மூன்று: ஹேண்ட்லிங் சார்ஜ் எந்த விலைப்பட்டியலின்படி வசூலிக்கப்படுகிறது? இந்தப் பதில்கள் வரும்வரை என் புக்கிங் தொடர்கிறது. நான் ரத்து செய்யவில்லை. புக்கிங் விலைக்கான முழுத் தொகையை எந்த நாளும் செலுத்தத் தயாராக இருக்கிறேன்.”

கடைசி இரண்டு வாக்கியங்களையும் யோசித்தே சேர்த்தேன். தேவை அதிகம் உள்ள மாடல் என்றால், நீங்கள் கோபத்தில் ரத்து செய்வதையே டீலர் விரும்பக்கூடும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்கள் வண்டியைப் புதிதாக வருபவருக்குப் பேக்கேஜோடு இன்னும் கூடுதலாக விற்கலாம். மேனேஜர் அவ்வளவு லேசாக “கேன்சல் பண்ணிக்கோங்க” என்றதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதனால் கேன்சல் படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பணம் தயார் என்று எழுதிவைப்பதும் அவசியம். பிறகு “அவர்தான் பணம் கட்டவில்லை” என்று பழியைத் திருப்ப முடியாது.

வண்டி உடனே தேவைப்பட்டு, காத்திருக்கவே முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கூடுதல் தொகையைக் கட்டும் முன்பே, “ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று எழுத்தில் அனுப்பிவிட்டுக் கட்டலாம். பேசாமல் கட்டிவிட்டுப் பிறகு கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். நானும் இதைப் பற்றி யோசித்தேன். அம்மாதான் வேண்டாம் என்றார். “ஏழு மாசம் இருந்துட்டேன், இன்னும் ஒரு மாசம் இருக்க மாட்டேனா?”

நாலு நாளில் பதில் வந்தது. ஹேண்ட்லிங் சார்ஜ் “தவறுதலாகச் சேர்ந்துவிட்டது” என்று ஒரே வரியில் எடுத்துவிட்டார்கள். என் மூன்றாவது கேள்வியைத் தவிர அதற்காக நான் வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு தொகைக்கு ஆதாரம் கேட்டதுமே அது மறைந்துவிடுகிறது என்றால், கேட்காமல் கட்டியவர்கள் எத்தனை பேரோ என்று மனம் கனத்தது.

பேக்கேஜ் ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது, கழற்ற முடியாது என்றார்கள். யார் பொருத்தச் சொன்னது என்ற என் கேள்விக்குப் பதில் இல்லை. தேதிகளைப் பற்றிய கேள்விக்கு, “அவை எங்கள் உள் ஆவணங்கள்” என்றார்கள்.

மூன்றாவது மின்னஞ்சலைத் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு அனுப்பினேன், டீலருக்கும் நகல் வைத்து. டீலர் தனி வியாபாரி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. அதனால் டீலரைப் பற்றிக் குறை சொல்லி ஆரம்பிக்கவில்லை. தயாரிப்பாளர் மட்டுமே பதில் சொல்லக்கூடிய இரண்டு கேள்விகளைத்தான் கேட்டேன். இந்த சேஸிஸ் எண்ணுள்ள வண்டிக்கு நீங்கள் டீலருக்கு பில் போட்டது பழைய விலையிலா, புது விலையிலா? உங்கள் விலையேற்ற அறிவிப்பு, அதற்கு முன்பே டீலருக்கு பில் போட்ட வண்டிகளுக்கும் பொருந்துமா? படிவம், பழைய கொட்டேஷன், ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், தகட்டின் படம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணைத்தேன். முதல் பக்கத்தில் ஆறு வரியில் ஒரு தேதிப்பட்டியல் மட்டும். நீளக் கதை எழுதினால் படிப்பவர் களைத்துவிடுவார். தேதிப்பட்டியலை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பத்து நாள் எந்தச் சத்தமும் இல்லை. நினைவூட்டல் ஒன்று அனுப்பினேன். அதற்கு இரண்டு நாள் கழித்துத் தயாரிப்பாளர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். ரொம்ப நிதானமாகக் கேட்டார். வண்டிக்கு பில் போட்டது விலையேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பு, பழைய விலையில் என்று உறுதி செய்தார். அதை மின்னஞ்சலிலும் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அனுப்பினார். அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

பழைய விலைக்கு வாங்கி, யார்டில் வைத்திருந்து, புது விலைக்கு விற்கப் பார்த்திருக்கிறார்கள். இது உறுதியான பிறகு பின்பக்க விதியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. மறுநாள் மேனேஜரே கூப்பிட்டார். இந்த முறை என்னிடமே பேசினார். புக்கிங் விலைக்கே கொடுக்கிறோம், பேக்கேஜையும் கழற்றிவிடுகிறோம் என்றார். வண்டியின் அடியில் பூசியிருந்த பூச்சை மட்டும் எடுக்க முடியாது, அதற்குப் பணம் வேண்டாம் என்றார். சரி என்றேன், அதையும் எழுதி அனுப்பச் சொல்லி.

எல்லாமே கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அட்வான்ஸ் பணம் முப்பது வாரத்துக்கு மேல் அவர்களிடம் இருந்ததற்கு வட்டி கேட்டேன், மறுத்துவிட்டார்கள். வாடகை வண்டிச் செலவும் போனது போனதுதான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கலாம். அம்மாவுக்கு வண்டி வேண்டும் என்பதால் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். அப்படி நிறுத்தியது சரியா என்று இப்போதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கடன் விஷயத்தில் மட்டும் முன்பே ஜாக்கிரதையாக இருந்தேன். தகராறு முடிந்து திருத்திய பில் வரும்வரை பணத்தை விடுவிக்க வேண்டாம் என்று வங்கிக்கு எழுதியிருந்தேன். இல்லையென்றால் கூடுதல் தொகையோடு பணம் போயிருக்கும், நான் திரும்பக் கேட்டு அலைந்திருப்பேன்.

டெலிவரி அன்று அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனோம். ரிப்பன் கட்டி, வண்டி மேல் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். சாவி கொடுக்கும் முன் ஒரு டெலிவரி நோட்டை நீட்டி, கையெழுத்துக்கு மூன்று இடத்தில் பென்சிலால் டிக் போட்டுக் கொடுத்தார் அந்த சேல்ஸ் பையன். போட்டோ எடுப்பவர் காத்துக்கொண்டிருந்தார். இந்த முறை பின்பக்கத்தைத் திருப்பினேன். “அக்சஸரீஸ் பேக்கேஜ் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், விலை விஷயத்தில் எந்தக் கோரிக்கையும் பாக்கியில்லை” என்று அங்கே அச்சாகியிருந்தது.

“தம்பி, இந்த ரெண்டையும் அடிச்சுட்டு மேனேஜரை ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நாங்க இருக்கோம்” என்றேன்.

அவர் உள்ளே போய் வருவதற்குக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அம்மா யாரையும் கேட்காமல் முன் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்.